ஏரி, காடு, நடுவில் பஜ்ஜி

சேலம், நாமக்கல் பக்கத்து இளைஞர்களுக்குப் பொதுவாக ஒரு லட்சியம் உண்டு. என்றைக்காவது ஒருநாள் சுவிட்சர்லாந்து போய்விட வேண்டும். வேலை கிடைத்த முதல் மாசமே ஆபீஸ் கேன்டீனில் பிரகடனம் செய்வார்கள். பிறகு பைக் தவணை வரும். தங்கச்சி கல்யாணம் வரும். அப்புறம் சொந்தக் கல்யாணம். சுவிட்சர்லாந்து வருஷத்துக்கு வருஷம் தள்ளிப் போய், குழந்தைக்கு எல்.கே.ஜி. அட்மிஷன் போட்ட அன்றைக்கு ஒரேயடியாக ரத்தாகும்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. சினிமாக்காரர்கள் பண்ணின வேலை அது. ஹீரோ மூன்று கோட்டு, மேலே ஒரு மஃப்ளர் சகிதம் நடுங்கிக் கொண்டிருப்பார். ஹீரோயின் ஷிஃபான் புடவையில் பனியில் உருளுவார். ஹிந்தி டைரக்டர் யஷ் சோப்ரா இப்படி உருட்டியே அந்த நாட்டுக்கு லட்சக்கணக்கில் இந்திய ஜனங்களை வரவழைத்தார். அந்த நன்றிக்கு 2016-ல் இன்டர்லாகன் ஊரில் அவருக்கு வெண்கலச் சிலையே வைத்துவிட்டார்கள். நம் ஊரில் சிலை வைக்க வேண்டுமானால் முதலில் கட்சி ஆரம்பிக்க வேண்டும்.

அதே இன்டர்லாகனுக்குப் பக்கத்தில் ப்ரியன்ஸ் என்றொரு ஏரி. கரையில் இசெல்ட்வால்ட் என்று ஒரு துளியூண்டு ஊர். ஜனத்தொகை நானூறு சொச்சம். நம்ம பக்கம் ஒரு காதுகுத்துக்கே அதைவிட அதிகம் பேர் வருவார்கள். 2019-ல் வந்த ஒரு கொரியா டி.வி. தொடரில், ஹீரோ அந்த ஊர் மரத் துறையில் உட்கார்ந்து பியானோ வாசித்தார். அவ்வளவுதான். தொடர் பார்த்த அத்தனை பேரும் அந்தப் பலகையில் நின்று போட்டோ எடுக்க பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை. யோசித்துப் பார்த்து, 2023-ல் அந்தத் துறையின் வாசலில் ஒரு சுழல் கதவு வைத்தார்கள். ஐந்து ஃபிராங்க் போட்டால் கதவு திறக்கும். நம்ம பணத்துக்கு சுமார் ஐந்நூறு ரூபாய். பலகை மேல் நிற்பதற்கு, ஸார்!

இதில் வேடிக்கை என்னவென்றால், போட்டோவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரைப் பார்க்கவே இல்லை. ஏரிக்கரையோரமாகவே நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் கீஸ்பாக் என்ற அருவி வரும். ஏரியிலிருந்து அங்கே ஏற 1879-லேயே கேபிள் இழுக்கும் குட்டி ரயில் போட்டிருக்கிறார்கள். நடக்கிறவர்களுக்கு வழி நெடுக மஞ்சள் பலகைகள் இருக்கும். 'இத்தனை கிலோமீட்டர்' என்று எழுத மாட்டார்கள், 'இத்தனை நேரம்' என்றுதான் எழுதுவார்கள். அந்த நாட்டில் இப்படிப்பட்ட நடைபாதைகள் மட்டும் சுமார் 65,000 கிலோமீட்டர். அதையெல்லாம் விட்டுவிட்டு, பலகையில் ஏறி, இரண்டு விரலைக் காட்டி, பஸ் ஏறிவிட்டார்கள்.

இதே கதை நம்ம ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கிறது. இங்கே சுழல் கதவு இல்லை, அதுதான் வித்தியாசம். ஊர் பெயர் ஏற்காடு.

* * *

ஏரி, காடு, இரண்டும் சேர்ந்து ஏற்காடு. சேலத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். 'ஏழைகளின் ஊட்டி' என்று எவனோ ஒரு பணக்காரன் பெயர் வைத்துத் தொலைத்தான். அன்றிலிருந்து இந்த ஊரை யாரும் தனியாக மதிப்பதில்லை. ஊட்டிக்கு ரூம் கிடைக்காதவன் போகும் இடம் என்று ஆகிவிட்டது. ஒன்று சொல்கிறேன், கேட்டுக் கொள்ளுங்கள். மேலே சொன்ன ப்ரியன்ஸ் ஏரி கடல் மட்டத்திலிருந்து 564 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. நம்ம ஏற்காடு ஏரி அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பனிமலை நம்மிடம் இல்லை, ஒப்புக் கொள்கிறேன். உயரத்தில் சுவிஸ்காரன் நமக்குக் கீழே.

ஆபீஸ் ஒருநாள் டூர் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தலைக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, வேன் பிடித்து, காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லி, எட்டரைக்குக் கிளம்பும் கோஷ்டி. அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள் புளியோதரை காலி. அடிவாரத்தில் ஒருத்தருக்கு டீ வேண்டும், இன்னொருத்தருக்கு எலுமிச்சம்பழம் வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது வளைவில் எலுமிச்சம்பழத்துக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார். பதினோரு மணிக்கு ஒண்டிக்கடை ரவுண்டானா. அங்கே ஏற்கெனவே நாற்பது வேன். அப்புறம் படகுக்கு க்யூ, மிளகாய் பஜ்ஜிக்கு க்யூ. அண்ணா பூங்காவில் பூ முன்னால் க்ரூப் போட்டோ, பூவைவிட தொப்பை பெரிதாக. மூன்று மணிக்கு லேடீஸ் சீட். "அதோ பாருங்க, நம்ம ஆபீஸ் தெரியுது!" என்று ஒருத்தர் கத்துவார். லீவு நாளிலும் ஆபீஸைத் தேடிப் பிடிக்கும் அந்தக் கண்ணுக்குத்தான் ப்ரமோஷன் தர வேண்டும். ஆறு மணிக்கு இறக்கம்.

ஆக, ஏற்காட்டில் இவர்கள் பார்த்தது பஜ்ஜி கடை, படகுத் துறை, நாற்பது வேன்.

சேலத்துக்காரர்கள் ஒருகாலத்தில் இந்த மலையைச் சரியாகப் பயன்படுத்தினவர்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பித்தது இதே ஏற்காடு சாலையில்தான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த கம்பெனி. இன்றைக்கு அந்த இடத்தில் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அடுத்த தடவை வேன் அதைத் தாண்டும்போது புளியோதரையைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு எட்டிப் பாருங்கள்.

* * *

சரி, வேறு எப்படிப் போவது? முதல் யோசனை: ஞாயிறு வேண்டாம். ஒரு சி.எல். போடுங்கள். இரண்டாவது யோசனை: ஒரு ராத்திரி தங்குங்கள். மூன்றாவதுதான் முக்கியம். நடங்கள்.

காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரைக்கு வாருங்கள். படகு கிடையாது, பஜ்ஜி கிடையாது. தண்ணீர் மேல் பனிப்புகை மட்டும் இருக்கும். சேலத்தில் அந்த நேரம் மின்விசிறி சுற்றிக் கொண்டிருக்கும். இங்கே நீங்கள் காதைப் பொத்திக் கொண்டிருப்பீர்கள். மேலே ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு சுமார் ஆறரை டிகிரி சூடு குறையும் என்பது கணக்கு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஆக, ஒரு மணி நேர பஸ் டிக்கெட்டில் ஏழு டிகிரி. இவ்வளவு மலிவாக எந்த ஏ.சி.யும் கிடையாது.

ஊரைச் சுற்றி 32 கிலோமீட்டருக்கு ஒரு லூப் ரோடு இருக்கிறது. முழுக்க நடக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். ஐந்து கிலோமீட்டர் போதும். இரண்டு பக்கமும் காபித் தோட்டம். ஒரு தோட்டத்து வேலி ஓரம் நின்று பார்த்தால் உலக வரைபடமே தெரியும். கீழே காபிச் செடி, அதன் பூர்வீகம் எத்தியோப்பியா, நமக்கு வந்தது அரேபியா வழியாக. அதற்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியா சரக்கு. அந்த மரத்தில் தொற்றி ஏறும் மிளகு மட்டும் உள்ளூர் ஆசாமி. மிளகுக்காகக் கப்பல் ஏறி வந்த வெள்ளைக்காரன் பதிலுக்கு நமக்குக் காபியைக் கொடுத்துவிட்டுப் போனான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர்தான் இந்த மலையில் காபி பயிரிட வழி செய்தவர். அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட் இன்றும் இருக்கிறது. ஒரு கலெக்டர் எடுத்த முடிவு இருநூறு வருஷம் கழித்தும் டம்ளரில் நுரைத்துக் கொண்டிருக்கிறதென்றால், அது நல்ல நிர்வாகம்தானே.

மாசி, பங்குனியில் ஒரு மழை பெய்தால் அடுத்த பத்து நாளில் காபி பூக்கும். மல்லிகை வாசனையில் கிளை முழுக்க வெள்ளை வெளேரென்று. இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். இதற்கு முன்பதிவு, டிக்கெட் எதுவும் கிடையாது. மழை வந்த செய்தி தெரிந்ததும் லீவு லெட்டர் எழுதுகிறவனுக்குத்தான் கொடுப்பினை.

ஊருக்குப் பக்கத்திலேயே மத்திய அரசின் தாவரவியல் ஆய்வுத் துறை நடத்தும் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக் கொண்டு போங்கள். ஆர்க்கிட் என்பது பெரும்பாலும் மரத்தின் மேல் வாழும் செடி. உடனே மாமனார் வீட்டில் தங்கிவிட்ட மாப்பிள்ளை என்று முடிவு கட்டாதீர்கள். மரத்திலிருந்து சொட்டுச் சத்துகூட உறிஞ்சாது. நிற்க இடம் மட்டும் வாங்கிக் கொண்டு, காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் தானே சம்பாதித்துக் கொள்ளும். அதன் விதை தூசி மாதிரி அத்தனை சின்னது. உள்ளே சாப்பாடே இருக்காது. ஒருவிதக் காளான் வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அதனால் காட்டிலிருந்து ஆர்க்கிட்டைப் பிடுங்கி வந்து வீட்டுத் தொட்டியில் வைத்தால் வம்சம் பெருகாது. ஐஸ்க்ரீமில் போடுகிற வெனிலாவும் ஆர்க்கிட் ஜாதிதான் என்பதை, கூட வருகிறவர்களிடம் சொல்லி அசத்துவதற்காக இலவசமாகத் தருகிறேன்.

லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று டவுன் பஸ் மாதிரி மூன்று இடம் பிரித்து வைத்திருக்கிறார்கள். பகலில் போக வேண்டாம். இருட்டின பிறகு லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் முழுக்க விளக்காகச் சிதறிக் கிடக்கும். பகலில் நாம் திட்டிக் கொண்டே கடக்கிற ஐந்து ரோடும் நாலு ரோடும் அங்கிருந்து பார்த்தால் நகைக்கடை ஷோகேஸ் மாதிரி இருக்கும்.

பகோடா பாயின்ட் என்றதும் எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் பையைத் திறந்து கொண்டு ஓடினார். தின்கிற பகோடா இல்லை, ஸ்வாமி. அங்கே கூம்பாக அடுக்கி வைத்த கற்குவியல்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கு அது பர்மா நாட்டுப் புத்தர் கோயில் மாதிரி பட்டிருக்கிறது. அதனால் அந்தப் பெயர்.

மலையிலேயே உசந்த இடம் சேர்வராயன் கோயில். 5,326 அடி. மேலே போனால் ஒரு பெரிய சமதளம். அதில் ஒரு குகை. உள்ளே குனிந்துதான் போக முடியும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை வழி காவிரிவரைக்கும் போகிறது என்பது இந்த மலை ஜனங்களின் நம்பிக்கை. மே மாசம் திருவிழா. இந்த ஜனங்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. மலையை ஆள்கிறவர்கள், மலையாளி. வீட்டில் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து, ஆளுக்கொரு மலையில் குடியேறிவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அதனால்தான் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் இவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்காடு 'ஹில் ஸ்டேஷன்' ஆவதற்கு முன்பே அது இவர்களுக்கு ஊர். நாம் பாட்டுப் போட்டுக் கொண்டு வேனில் போகும் அதே ரோட்டில்தான் அந்தப் பிள்ளைகள் ஸ்கூலுக்கு நடக்கிறார்கள். பாட்டைக் குறையுங்கள் என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். நமக்காகத் தோன்ற வேண்டும்.

* * *

கிள்ளியூர் அருவி ஏரியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். முன்னூறு அடி உயரம். கோடையில் போனால் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மழைக்காலமும் அதை ஒட்டிய மாதங்களும்தான் அதற்கு. படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது எல்லோரும் இளைஞர்கள். ஏறும்போதுதான் ஒவ்வொருவருக்கும் தங்கள் டேட் ஆஃப் பர்த் ஞாபகம் வரும்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். அந்த அருவியில் விழுவது எங்கேயிருந்தோ வரும் தெய்வீகத் தீர்த்தம் இல்லை. ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் ஓடையாகப் போய் அங்கே விழுகிறது. ஆக, காலையில் படகிலிருந்து ஏரிக்குள் போட்ட சிப்ஸ் கவரும், கரையில் வீசின பஜ்ஜி தட்டும் அதே பாதையில்தான் பயணம் செய்யும். மத்தியானம் அருவியில் தலையைக் கொடுத்து 'ஆஹா' என்று நிற்கும்போது, காலையில் நீங்கள் அனுப்பினதும் வந்து சேர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். விலாசம் தவறாமல் வருகிற தபால் அது ஒன்றுதான்.

* * *

இப்போது கொஞ்சம் சீரியஸாக. சிரிக்கிறவர்கள் இரண்டு நிமிஷம் நிறுத்திக் கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் ஆபத்து மேலே ஏறுவதில் இல்லை. சாயங்காலம் இறங்குவதில் இருக்கிறது. 2024 ஏப்ரல் 30-ம் தேதி சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய ஒரு தனியார் பஸ் வளைவில் பள்ளத்தில் பாய்ந்தது. உயிர்கள் போயின, பலருக்குக் காயம். அது பஸ் என்பதால் நாடே பேசியது. பைக்கில் போய் விழுகிறவனைப் பற்றி அவன் தெரு மட்டும்தான் பேசும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக் கொண்டு இறங்குகிற பழக்கம் நம்ம பையன்களிடம் இருக்கிறது. அதில் என்ன ஆகிறது தெரியுமா? இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வேலையை விட்டுவிடுகிறது. முழுப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. இருபது வளைவிலும் பிரேக்கை அழுத்திக் கொண்டே வந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்தால் மிதி காலோடு உள்ளே போகும், வண்டி மட்டும் நிற்காது. காரில் இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம், பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கிற உதவி போய் இரண்டும் கல்லாகிவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டரிலோ, மெதுவாக இறங்கும்போது இன்ஜின் பிடிப்பு கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. அதில் இரண்டு பேர் ஏறிக் கொண்டு இறங்குவதென்றால், நடுவில் இரண்டு மூன்று தடவை நிறுத்தி பிரேக்கை ஆற விட வேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர். இந்தியா முழுக்க மலை ஏறி இறங்கினவர். "தம்பி, எந்தக் கியர்ல ஏறுனீங்களோ, அதே கியர்ல எறங்கோணும். அவ்வளவுதானுங்க டிரைவிங்கு. மிச்சமெல்லாம் சும்மா ஹாரன்" என்றார். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். இறங்குகிறவன் நின்றால் மறுபடி உருளலாம். ஏறுகிறவன் நின்றால், அதுவும் பாரத்தோடு நின்றால், பின்னால் உருளுவான். சட்டமும் மலைப் பாதையில் ஏறுகிறவனுக்குத்தான் முதல் வழி என்கிறது. வளைவில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறவர்களைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்ன வார்த்தையை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

'சரக்கு' விஷயம். மேலே போய்தான் சாப்பிட வேண்டும் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. சேலத்திலேயே கிடைப்பதைச் சுமந்து கொண்டு இருபது வளைவு ஏறி, குடித்துவிட்டு, இருபது வளைவு இறங்குவது என்ன பகுத்தறிவோ! தங்குகிற எண்ணம் இல்லையென்றால் பாட்டிலைத் தொடாதீர்கள். பாட்டிலைத் தொட்டால் பஸ்ஸில் இறங்குங்கள்.

பைக்கில்தான் போவேன் என்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக அயோத்தியாப்பட்டணம் பக்கம் இறங்கலாம். சுற்று அதிகம், ஆனால் கூட்டம் குறைவு. கோடை விழா சமயத்தில் போலீஸாரே ஏற ஒரு வழி, இறங்க இந்த வழி என்று மாற்றி விடுவது உண்டு. இருட்டில் மட்டும் வேண்டாம். காட்டுமாடு ரோட்டில் நிற்கும். அதற்கு ஹாரன் பற்றி அபிப்பிராயம் எதுவும் கிடையாது. லைட்டை டிம் பண்ணி, தூரத்திலேயே நின்று, அதுவாகப் போகும்வரை காத்திருப்பதுதான் மரியாதை.

நாமக்கல் வாசகர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்வது தெரிகிறது. "எங்க கொல்லிமலையில எழுபது வளைவு. இருபதுக்குப் போய் இத்தனை பில்டப்பா?" வாஸ்தவம். காரவள்ளியில் தொடங்கி எழுபது. அப்புறம் ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல். அதைப் பற்றி எழுத ஒரு இதழ் தனியாக வேண்டும். என் முழங்காலும் சம்மதிக்க வேண்டும்.

கடைசியாக, திரும்பும்போது எல்லோரும் காபிப்பொடி வாங்குவார்கள். பாக்கெட்டில் மலைப் படம், தோட்டத்துப் படம் எல்லாம் இருக்கும். படத்தைப் பார்க்காதீர்கள். கீழே பொடி எழுத்தில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். முடிந்தால் கொட்டையாக வாங்கி, கண் முன்னால் வறுத்து அரைத்துத் தரச் சொல்லுங்கள். அந்த வாசனையோடு பஸ்ஸில் ஏறினால், ஜன்னல் சீட்டுக்காரர் தானாகவே பேச்சுக் கொடுப்பார். பதினைந்தாவது வளைவுக்குள், தானும் ஒருநாள் சுவிட்சர்லாந்து போகப் போவதாகச் சொல்வார்.